காவல் நாற்காலி

யாரோ மூடியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதே இரண்டு கண்ணால் பார்த்தேன். ஆகாயத்தாமரைக்கு நடுவில் ஈரத் தட்டு மாதிரி மிதந்துகொண்டிருந்தது கூடு, அதில் நான்கு முட்டை, அழுக்கு வெள்ளை, மண்ணில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் முழங்கால் நிறம். எதிரே உட்கார்ந்து பிளாஸ்டிக் பை பொறுக்கிக்கொண்டிருந்த பிரேமாவிடம் காட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் இருவரையும் வேறு பக்கம் பார்க்க வைத்துவிட்டது. ஆக, பார்த்தது நான் ஒருத்திதான். இன்று காலை போனால் முட்டையைக் காணோம், அந்த இடத்தில் அழுகிய பாசி ஒரு குவியல், வடித்துக் கொட்டிய பழைய கீரை மாதிரி, நாற்றம் வேறு. "வெறுங் குப்பைங்க்கா," என்று மகுடபதி துடுப்பை நீட்டினார் கிளறிப் பார்க்க. "கை வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பரிசல் ஆடியது. குப்பை என்றால் ஏன் அவ்வளவு அவசரமாகக் குப்பை என்று சொல்ல வேண்டும்? காந்திபுரத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கிற மனுஷன், என்னைவிட மூத்தவர், என்னை அக்கா என்கிறார். அதிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. பாறைக்குளத்தைக் காப்பாற்றுகிற எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர், யாரும் ஓட்டுப் போடவில்லை, மைக் அவருடையது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பெரிய ஆட்கள் வந்து நடைபாதையையும் பறவை பார்க்கும் மேடையையும் திறக்கப்போகிறார்களாம், அதற்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். பறவை இருக்கிற இடத்தையெல்லாம் வழித்து எடுத்துவிட்டுப் பறவை பார்க்க ஒரு மேடை. இதைச் சொன்னால் நான் வாயாடி. "சரிங்க்கா, நீங்களே காவல் இருங்க," என்றார் கடைசியில். "எல்லாரும் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பறவை அதுமேல உக்காந்திருக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க. அந்த மூலையைத் தொடமாட்டேன். இல்லாட்டி பொக்லைன் வந்துருமுங்க, டிரைவருக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் கெடச்சிருக்குது." எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து கரையில் விரித்துப் போட்டு, உட்காருங்க்கா என்று தூசி தட்டிக்கொடுத்தார். இவ்வளவு மரியாதை எதற்கு? ஒருத்தியை ஓர் இடத்திலிருந்து அகற்ற வேண்டுமென்றால் அவளை வேறோர் இடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும், அப்படித்தானே.

உட்கார்ந்திருக்கிறேன். ஆரஞ்சுக் கலர் கோட்டு, முதுகில் குளத்தின் பெயர், தலைக்குமேல் குடை, குடையைப் பிடித்து இழுக்கிற ஆடிக் காற்று, பாலக்காட்டுப் பக்கமிருந்து வேறு வேலையே இல்லாமல் வருகிறது. எனக்கு எதிரே, கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில், அந்தக் குவியல். செல்போனை அதன் பக்கம் நீட்டி நீட்டிக் கை மரத்துவிட்டது. மடக்கு நாற்காலியின் கம்பி தொடைக்குக் கீழே அறுக்கிறது, இந்தக் கம்பி எனக்குத் தெரியும், இல்லை, எனக்கு எப்படித் தெரியும், அதில் நான் உட்காரவில்லையே, அதில் உட்கார்ந்திருந்தது என் மாமியார். பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில், இதே மாதிரி மடக்கு நாற்காலி, அவர் எடை மாற்றி உட்காரும்போதெல்லாம் கிரீச் என்று ஒரு சத்தம். பிள்ளை பால் குடிக்கிறதா என்று பார்க்கிறாராம். "இன்னும் எறங்கலையா அம்மணி?" பார்ப்பார். "இந்தப் பக்கம் வெச்சுப் பாரு." பார்ப்பார். பிள்ளை கத்தும், நான் வியர்ப்பேன், பால் ஒரு சொட்டு வராது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டால் முதுகில் அந்தப் பார்வை இறங்கும், கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்ப்பெத்துவா பரீட்சை ஹாலின் கடைசியில் நின்று பார்ப்பாரே, அந்த மாதிரி, முன்னால் நின்றால் எப்போது நம்மைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும், பின்னால் நின்றால் எப்போதும் நம்மைத்தான். தெரிந்த பாடம் அப்படியே பேனாவுக்குள் உறைந்துவிடும். எதற்கு இதெல்லாம் இப்போது. குவியலைப் பார், சாருலதா. குவியலைப் பார்க்கத்தான் உன்னை உட்கார வைத்திருக்கிறது. எதிர்க்கரையில் ஒருத்தன் தூண்டிலோடு இருக்கிறான், தொப்பி, கட்டம் போட்ட சட்டை. வந்ததிலிருந்து ஒரு மீன்கூட எடுத்துப் பார்க்கவில்லை. மீன் பிடிக்காத மீன்காரன் எதற்கு அங்கே இருக்கிறான்? இந்த முட்டையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாத்து முட்டை என்று சொல்லி விற்றால் யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் எடுக்கிறவன் ஏன் மூடிவிட்டுப் போகிறான். எடுத்தவன் மூடமாட்டான். மறைக்க நினைத்தவன்தான் மூடுவான். மறைக்க வேண்டியது யாருக்கு? வெள்ளிக்கிழமை திறப்பு விழா யாருக்கோ அவருக்கு.

தண்ணீருக்கு நடுவில் ஒரு தலை முளைத்தது. வந்துவிட்டது. முக்குளிப்பான். இவ்வளவூண்டு, கைக்குட்டையைச் சுருட்டி வைத்த மாதிரி, கன்னம் மட்டும் செங்கல் நிறம், வாயோரத்தில் வெற்றிலை போட்டுத் துடைக்காத மாதிரி ஒரு மஞ்சள். அந்தக் கண் என்னையே பார்க்கிறது. நான் மெல்லச் செல்போனை உயர்த்தினேன். முங்கிவிட்டது. வளையம் மட்டும் விரிந்து விரிந்து கரையில் வந்து முட்டியது. எங்கே எழும்பும் என்று யோசித்து இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் எழும்புகிறது, வலது பக்கம் பார்த்தால் எழும்பவே இல்லை, எங்கேயோ கோரைக்குள்ளிருந்து கிலுகிலுவென்று ஒரு குரல், சிரிப்பேதான், பள்ளிக்கூடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாயா? உனக்காகத்தானே இங்கே வெயிலில் காய்கிறேன். உன் வீட்டைக் காப்பாற்றத்தானே. வந்து உட்காரேன், தாயே. ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்து போயேன், ஒரு போட்டோ, அப்புறம் உன் வழியில் நீ, என் வழியில் நான். பெற்றதை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறதைப் பார், இந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி. என் மகள் மிருதுளா மாதிரி என்று நான் சொல்லவில்லை. தலைப்பிரசவம், முறைப்படி என் வீட்டுக்குத்தானே வர வேண்டும், வரமாட்டேன், ஓசூரிலேயே ஆஸ்பத்திரி நல்லாயிருக்கு என்றாள். சரி, நான் போனேன், பெட்டி நிறையப் பத்திய மருந்தோடு போனேன். கட்டில் பக்கத்தில் இருந்து ராப்பகலாகப் பார்த்துக்கொண்டேன், ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. பிள்ளை அழுதது, சரியாகக் குடிக்கவில்லை, எனக்குத் தெரியாதா, பிடிக்கிற விதம் தப்பு, சொன்னேன். திரும்பச் சொன்னேன். ஒரு நாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ம்மா, கொஞ்ச நாள் நீ ஊருக்குப் போயிட்டு வாம்மா," என்கிறாள். முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். அது அவள் வார்த்தையே இல்லை. நவநீத் சொல்லிக்கொடுத்திருப்பான், மாப்பிள்ளை ரொம்பச் சாது, சாதுவான ஆள்கள் எல்லாம் மெல்லப் பேசித்தான் வேலையை முடிக்கிறார்கள், இல்லையென்றால் அவன் அம்மா, அந்தம்மா போனிலேயே குடும்பம் நடத்துகிற ஜாதி. பஸ் ஏற்றிவிட அவளும் அவனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு சந்தோஷமாகக் கை காட்டினார்கள்.

"என்னுங்க்கா, முட்டைக்குப் போலீஸ் டூட்டியா?" என்று பிரேமா டீ கொண்டுவந்தாள். காகிதக் கப்பு, மேலே ஆடை. டீ கொண்டுவந்தாளா, உளவு பார்க்க வந்தாளா. "பறவை வந்துச்சா?" "வந்துச்சு, போச்சு." "உக்காரலையா?" "உக்காந்தா நான் சும்மா இருப்பனா?" சிரித்தாள். "நெசமாவே முட்டையைப் பாத்தீங்களாக்கா? கோவிச்சுக்காதீங்க. மகுடபதியண்ணன் சொல்றாரு, அக்காவுக்கு வீட்ல பேரப்புள்ள ஞாபகம், எங்க பாத்தாலும் முட்டையாத் தெரியுதுன்னு." எல்லோரும் சிரித்திருப்பார்கள். டீ டிரம்மைச் சுற்றி நின்று சிரித்திருப்பார்கள். "அவருக்கு எங்க பாத்தாலும் திறப்பு விழாவாத் தெரியுது, அதுக்கு என்ன சொல்றது? பிரேமா, நேத்து சாயங்காலம் இந்தப் பக்கம் யாராவது பரிசல் எடுத்தாங்களா?" "எனக்கெப்படிங்க்கா தெரியும்?" "நீதான் சாயங்காலம் வாக்கிங் வர்றியே." "நான் அந்தப் பக்கம் ரோட்டுலயே திரும்பிருவனுங்க்கா. ஏன், என்மேலயும் சந்தேகமா?" என்று கேட்டுவிட்டு என் தோளில் தட்டினாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. போகும்போது "சீக்கிரம் எடுங்க்கா, டீ முடியப்போகுது, டிரைவர் ரெண்டாவது பன்னு தின்னுட்டிருக்கறான்," என்றாள். ஒருவேளை இவள் நல்லவள்தானோ. நல்லவர்கள் எல்லாம் கடைசியில் எதற்காவது தலையாட்டிவிடுகிறார்கள்.

டீ குடித்திருக்கக் கூடாது. அடிவயிறு கனக்கிறது. காலையிலிருந்தே இருக்கிறது, இப்போது இன்னும். ஆண்களுக்கு என்ன, கரை முழுவதும் அவர்களுக்கு மரம். குளத்தைக் காப்பாற்ற வந்த பெண்களுக்கு அந்த இடிந்த மதகு ரூம் ஒன்றுதான், கதவு இல்லை, கூரை பாதி. போய் வருவதற்குள் யாராவது பரிசலில் வந்து குவியலைக் கலைத்துவிட்டால்? குப்பைதான் பாருங்க்கா என்று கையில் எடுத்துக் காட்டினால்? இதற்காகத்தான் டீ அனுப்பினாரா மகுடபதி? சீ, அவ்வளவு தூரம் யோசிக்கிற மூளை இருந்தால் அவர் ஏன் பம்ப்செட் விற்கிறார். காலை மாற்றிப் போட்டேன். நாற்காலி கிரீச் என்றது. இன்னும் எறங்கலையா அம்மணி. கோரைக்குப் பக்கத்தில் மறுபடியும் அந்தத் தலை, பார்க்கிறது, முங்குகிறது. தூண்டில்காரன் பார்க்கிறான். நான் பார்க்கிறேன். இந்தக் குளத்தில் யாருக்கும் வேறு வேலை இல்லை. முடியவில்லை, இனி முடியாது. எழுந்தேன். குடையையும் எடுத்துக்கொண்டேன், கதவில்லாத இடத்துக்குக் குடைதான் கதவு. மதகு ரூம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், நாற்காலி மட்டும் தனியாக, எந்தப் பரிசலும் நகரவில்லை. உள்ளே மூத்திர நாற்றம், உடைந்த பீர் பாட்டில், சுவரில் யாரோ யாரையோ காதலிப்பதாக எழுதியது. அவசரம் முடிந்து புடவையைச் சரிசெய்யும்போது, குளத்துப் பக்கச் சுவரில் ஒரு செங்கல் இல்லை என்று கண்ணில் பட்டது. அந்த ஓட்டைக்கு நேரே, தூரத்தில், குவியல். கண்ணை வைத்தேன். வருகிறவன் வரட்டும். யார் என்று இங்கிருந்தே பார்த்துவிடுகிறேன்.

வந்தது பறவை. நாற்காலியைப் பார்த்தது. முங்காமல், அவசரமில்லாமல், ஒரு கோடு போட்ட மாதிரி நீந்தி வந்தது. குவியலின் விளிம்பில் கால் வைத்துத் தத்தித் தத்தி ஏறியது, தண்ணீரில் அவ்வளவு லட்சணமாக இருந்தது தரையில் குடிகாரன் மாதிரி. ஏறி நின்று அலகால் அழுகிய பாசியைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டது. இன்னொன்று. இன்னொன்று, நீளமாக, பாயை உதறி ஓரம் போடுகிற மாதிரி. அடியில் ஏதோ வெளிறிய நிறம். அதே முழங்கால் நிறம். பிறகு மார்பை ஒருமுறை குலுக்கிக்கொண்டு அதன்மேல் அமர்ந்தது. நான் மூச்சு விடவில்லை. இல்லை, விட்டேன், செங்கல் தூசி மூக்கில் ஏறியது. யாரும் எடுக்கவில்லை. நான்கும் இருக்கிறது. நான் அங்கே கண்ணும் செல்போனுமாக இருந்த நேரமெல்லாம் அடியில் நான்கும் இருந்திருக்கிறது. போட்டோ! ஓட்டை வழியாக எடுத்தேன், செங்கல் விளிம்பு பெரிதாக விழுந்தது, நடுவில் ஒரு புள்ளி, அது பறவை என்று என் புருஷன்கூட நம்பமாட்டார். இரண்டு விரலால் பெரிதாக்கினால் புள்ளி பெரிய புள்ளியாயிற்று. வெளியே வந்தேன், குனிந்துதான், குடையை முன்னால் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி நடப்பதாக எனக்கு நினைப்பு. நாற்காலியை எட்டவில்லை, பாதி வழிகூட இல்லை. அது எழுந்தது. ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. நின்று, ஓரத்தில் போட்ட பாசியை அலகால் இழுத்து முட்டைமேல் போட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, படபடவென்று, யாரோ வாசல் மணி அடித்ததும் கலைந்து கிடக்கிற துணிமேல் போர்வையை இழுத்துப் போடுகிற மாதிரி. மூடி முடித்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, முங்கிவிட்டது.

குப்பைக் குவியல். குளம். காற்று. யாரோ மூடியிருக்கிறார்கள். யார் என்று தெரிந்துவிட்டது. யாரிடமிருந்து என்றும் தெரிந்துவிட்டது. கோட்டு எரிகிற ஆரஞ்சில் என் உடம்பில் ஒட்டிக்கிடந்தது. இவ்வளவு நேரம், இந்த வெயிலில், தாய்ச் சூடு இல்லாமல் ஈரப் பாசிக்கு அடியில் அந்த நான்கும். நான் எழுந்து போகட்டும் என்று அது கோரைக்குள் நின்றுகொண்டு. ஒரு நாள் பகலில் என் மாமியார் காபி குடிக்கக் கீழே போனார், நாற்காலி காலியாக இருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், நான் ஒன்றும் செய்யவில்லை, பிள்ளையை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை, தானாக, சுரீர் என்று பால், சட்டையெல்லாம் நனைந்து, பிள்ளைக்குப் புரையேறும் அளவுக்கு. அவர் திரும்பி வந்து எல்லாம் தன்னுடைய கைராசி என்றார். மிருதுளா காபியைக் கொடுக்கும்போது அவள் நைட்டியின் முன்பக்கம் காய்ந்திருந்தது. வறண்டு, இஸ்திரி போட்ட மாதிரி. நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, கை காட்டினாளே, துப்பட்டாவை இழுத்து இழுத்து மார்பில் போட்டுக்கொண்டு. ஈரமா அது? அவ்வளவு சீக்கிரமா? எதற்கு இப்போது இதெல்லாம், பொக்லைன் சத்தம் கேட்கிறது, மண் அதிர்கிறது, வருகிறார்கள்.

நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டேன். கரை மதகு ரூமுக்குப் பக்கத்தில் குறுகுகிறது, பொக்லைன் வர அதைவிட்டால் வழி இல்லை. நட்டநடுவில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்னால் மகுடபதி வந்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பின்னால் மஞ்சள் இயந்திரம், அதன் கை மேலே தூக்கியபடி, அதற்குப் பின்னால் பிரேமாவும் மற்றவர்களும் ஊர்வலம் மாதிரி. "என்னுங்க்கா, போட்டோ கெடச்சுதுங்களா?" "இல்லை." "பின்ன?" "உக்காந்துது. நான் பாத்தேன். மூடினது அதுதான். ஆள் தலை தெரிஞ்சா பாசியை இழுத்து முட்டையை மூடிட்டுப் போயிடுது. நான் இருந்ததாலதான் வரலை." அவர் தலையைச் சொறிந்தார். "யாரு பாத்தா?" "நான்." "வேற யாரு?" "வேற யாரும் இருந்தா அது வராதுங்கறேன்." கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். மகுடபதி சிரிக்கவில்லை. இவ்வளவு நாளில் முதல் தடவையாக அந்த மனுஷன் என்னை நேராகப் பார்த்தார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வந்த நாள்ல இருந்து நீங்க எங்கள்ல ஒருத்தரையும் நம்புனதில்லீங்க. ரசீது கேட்டீங்க, பரிசலுக்கு யாரு காசு குடுத்தான்னு கேட்டீங்க, என்ற டீத்தூளைக்கூட மோந்து பாத்தீங்க. இப்ப உங்க வாய் வார்த்தையை மட்டும் நாங்க நம்போணுமுங்களா?" ஏதேதோ கூர்மையாக நாக்கு வரைக்கும் வந்தது, எதுவும் உபயோகப்படாத கூர்மை. "ஆமா," என்றேன். "நம்பணும்." "நீங்களே சொல்லுங்க, நம்பறதுக்கு என்ன இருக்குது?" "ஒண்ணும் இல்லை. அந்த மூலைல கை வைக்கறதுன்னா என்னைத் தூக்கிட்டுப் போய் வையுங்க. கண்ணாடி மாதிரி தண்ணி வேணும்னா மிச்சக் குளம் பூரா இருக்குது." "சரி, வெச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை யாரு பாத்துக்கறது? மறுபடியும் நீங்களா?" "யாரும் பாக்க வேண்டாம்," என்றேன். என் வாய்தான் சொன்னது. டிரைவர் மேலிருந்து, "என்னண்ணே, நிறுத்தட்டா, போகட்டா?" என்றான். மகுடபதி கையைக் காட்டினார், எந்தக் கை, எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை. இஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது.

அவ்வளவு சத்தத்துக்கு அப்புறம் காது அடைத்த மாதிரி. குளம் என் முதுகுக்குப் பின்னால், குவியல் தூரத்தில். கோட்டைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டேன், அதன்மேல் செல்போன், தினமும் இந்த நேரத்துக்கு ஓசூருக்கு இரண்டு தடவை கூப்பிட்டிருப்பேன், குடிச்சானா, எவ்வளவு நேரம் குடிச்சான், எந்தப் பக்கம். இன்று இன்னும் கூப்பிடவில்லை. மகுடபதி நின்றுகொண்டிருக்கிறார், உயரமான ஆள், அவர் கண் என் தலைக்கு மேலே போயிற்று, குளத்துக்கு, அங்கேயே நின்றது. வாய் கொஞ்சம் திறந்தது. பின்னால் எங்கேயோ தண்ணீர் சலசலத்தது, காற்றாக இருக்கலாம், தவளையாக இருக்கலாம். "அக்கா," என்றார், பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுகிற குரலில், "ஏறிருச்சுங்க்கா. பாசியை எடுத்து எடுத்துப் போடுது. திரும்பிப் பாருங்க." பொய்யாக இருக்கலாம். நான் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லலாம், நான் திரும்பினால் நாற்காலியை இழுத்துவிடலாம், இஞ்சின் போட ஒரு நொடி போதும், அந்த வாய் திறந்ததுகூட நடிப்பாக இருக்கலாம். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, இத்தனை வருஷப் பழக்கம். இரண்டு கையாலும் நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "உக்காந்துருச்சுங்க்கா," என்றார். இருக்கட்டும், என்றேன். திரும்பவில்லை.